ரிசீவர் போகவில்லை, பெட்டியைப் பாருங்கள்: கார்ட்லெஸ் ரிசீவர் பெட்டியில் வரும் கோளாறுகளும் தீர்க்கும் வழியும்

குமரி மாவட்டத்தில் மைக்செட் வைத்திருப்பவர்களின் கார்ட்லெஸ் ரிசீவர்கள் (ஒயரில்லா மைக்கின் சிக்னலைப் பிடித்து மிக்சருக்குத் தருபவை) ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும். மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை. இதற்கு நடுவில் ஊர் ஊராக அம்மன் கொடை, சபைக் கூட்டம், கல்யாணம். நாலு ரிசீவர், நாலு அடாப்டர், எட்டு ஆன்டெனா, ஒரு கட்டு ஒயர் என்று துணிப்பையில் அள்ளிக்கொண்டு அலைந்து சலித்தவர்கள் கடைசியில் ஆசாரியிடம் ஒரு பெட்டி செய்யச் சொல்கிறார்கள். பெட்டி வந்த பிறகுதான் புதுப்புதுக் கோளாறுகள் ஆரம்பிக்கின்றன.

நான் இந்தப் பெட்டிகளைக் கட்டுகிறவன், கட்டியதைப் பழுது பார்க்கிறவன். ‘ரிசீவர் போச்சு’ என்று சொல்லிக் கொண்டுவரும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ரிசீவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெட்டிதான் காரணமாக இருக்கும். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் தகரம், எல்லாவற்றுக்கும் ஒரே மட்டமான பவர் சப்ளை, உள்ளே அடைபட்ட ஈரக்காற்று, இந்த மூன்றில் ஒன்று. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ரிசீவரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து மர மேசையில் வையுங்கள். அதோடு கடையில் தந்த சொந்த அடாப்டரை மாட்டுங்கள். அதே இடம், அதே மைக், அதே அலைவரிசை. மேசையில் ஒழுங்காக வேலை செய்தால் ரிசீவரைச் சந்தேகிக்காதீர்கள், மேலே படியுங்கள். மேசையிலும் அதே தொல்லை என்றால் மைக்கின் பேட்டரி, அலைவரிசை, மைக் ஆன்டெனா இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது சாதாரணமாக எல்லோரும் கேட்கும் பெட்டி: அரை ரேக் அகலமுள்ள நாலு யுஎச்எஃப் ரிசீவர் (ரேக் என்பது கருவிகளை மாட்டும் 19 இஞ்ச் அகலச் சட்டம்), இரண்டு யு உயரம் (ஒரு யு 44.45 மி.மீ.), பிளைவுட் உடம்பு, ஒரே பவர் சப்ளை, உள்ளேயே ஒரு பேட்டரி.

பெட்டிக்குள் வைத்ததும் தூரம் குறைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது

அதிகமாக வரும் கோளாறு இதுதான். முதலில் பெட்டி எதனால் ஆனது என்று பாருங்கள். காய்ந்த பிளைவுட் யுஎச்எஃப் அலையை அவ்வளவாகத் தடுக்காது. அலுமினியத் தகடு, இரும்புத் தகடு இரண்டும் தடுக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது ஏசிபி ஷீட். கடை முகப்புக்கு ஒட்டுகிற அந்தப் பலகை கைக்குப் பிளாஸ்டிக் போலவே இருக்கும். வெட்டிய ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்: நடுவில் கறுப்பு அல்லது வெள்ளை பிளாஸ்டிக், அதன் இரண்டு பக்கமும் முடி மாதிரி மெல்லிய பளபளக்கும் கோடு. அந்தக் கோடு அலுமினியம். எடை குறைவு, மழைக்கு நல்லது என்று ஏசிபியில் பெட்டி செய்தால் ரிசீவரை அலுமினியப் பாத்திரத்துக்குள் மூடி வைத்ததாகிவிடும். வெப்பம் தடுக்க ஒட்டும் வெள்ளித்தாள் போட்ட ஃபோமும் இதே வேலையைச் செய்யும். கரி கலந்த கறுப்பு ஆன்டி ஸ்டாட்டிக் ஃபோமையும் ஆன்டெனாவைச் சுற்றி வைக்காதீர்கள்.

இதைச் சோதிக்க மூடியைத் திறந்தும் மூடியும் ரிசீவரில் சிக்னலின் பலத்தைக் கோடுகளாகக் காட்டும் ஆர்எஃப் மீட்டரைப் பாருங்கள். மைக்கை இருபது முப்பது அடி தள்ளி ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கட்டும். மூடியதும் கோடுகள் இறங்கினால் காரணம் பெட்டியின் சுவர். செல்போனை உள்ளே வைத்துக் கால் செய்து பார்ப்பதை நம்பாதீர்கள். கோபுரத்தின் சிக்னல் பலமாக இருந்தால் சின்னச் சந்திலும் கால் போய்விடும்.

அடுத்தது ஆன்டெனா நிற்கும் இடம். 7500-ஐ உங்கள் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கால் அலைநீளம் சென்டிமீட்டரில் வரும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 12.5 செ.மீ. 750-க்கு 10 செ.மீ. பழைய விஎச்எஃப் செட் 200-ல் ஓடினால் 37.5 செ.மீ. ஆன்டெனாவின் நீளம் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். பக்கத்து ஆன்டெனாவுக்கும், தகரப் பரப்புக்கும், ஒயர்க் கட்டுக்கும் இந்த அளவாவது இடைவெளி விட வேண்டும். ஒரே ரிசீவரின் இரண்டு ஆன்டெனாவுக்கு நடுவே இதைப்போல் இரண்டு மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றில் சிக்னல் செத்த இடத்தில் மற்றது பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டு வைத்திருக்கிறார்கள்? இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டுமே ஒரே நேரத்தில் சாகும். இரண்டையும் வெளிப்பக்கமாக 45 டிகிரி சாய்த்து வி வடிவில் வையுங்கள். மைக்கைப் பாடுகிறவர் எப்படிப் பிடித்தாலும் ஒன்றாவது பிடித்துக்கொள்ளும்.

நாலு ரிசீவருக்கு எட்டு ஆன்டெனாவும் பெட்டியின் பின்பக்கமே சிக்கிக்கொண்டு கிடந்தால் இந்த இடைவெளியெல்லாம் நடக்காது. ஆன்டெனா கழற்றக்கூடிய ரிசீவர் என்றால் பெட்டியின் முகப்பில் பிஎன்சி பல்க்ஹெட் சாக்கெட் (சுவரில் பொருத்தும், திருப்பிப் பூட்டும் ஆன்டெனா சாக்கெட்) போட்டு, உள்ளே சின்ன ஆர்ஜி 58 கேபிளால் இணைத்து, ஆன்டெனாவை முன்னால் கொண்டுவாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி 58 மீட்டருக்கு ஏறக்குறைய 0.4 டெசிபெல் தின்னும். பெட்டிக்குள் ஒன்றரை அடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே கேபிளை பத்து மீட்டர் இழுத்தால் வந்த சிக்னலில் பாதிக்கு மேல் போய்விடும். வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிளைப் போடலாமா என்று கேட்கிறார்கள். அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம். சின்ன நீளத்துக்கு அந்த வித்தியாசம் பெரிய தீங்கு செய்யாது. ஆனால் அதன் முனையில் மாட்டும் மாற்று அடாப்டர்கள் நாளடைவில் தளர்ந்துபோய் உயிரை எடுக்கும். நல்ல 50 ஓம் கேபிளையே வாங்குங்கள்.

ஆன்டெனாவைக் குறைக்க ‘டி’ போட்டு ஒரே ஆன்டெனாவை இரண்டு ரிசீவருக்குப் பிரிப்பவர்கள் உண்டு. இது வேண்டவே வேண்டாம். முறையான பாஸிவ் ஸ்பிளிட்டர் (சிக்னலைப் பெருக்காமல் பிரிக்க மட்டும் செய்வது) போட்டாலே இரண்டாகப் பிரிக்கும்போது 3 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேலே இழப்பு, நாலாகப் பிரிக்கும்போது 6-க்கு மேலே. நாலு ரிசீவர் என்றால் சிக்னலைப் பெருக்கிப் பிரித்துத் தரும் ஆன்டெனா டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர்தான் சரி. இன்னொன்று: சில ரிசீவர்கள் ஆன்டெனா சாக்கெட்டிலேயே பூஸ்டருக்கு டிசி வோல்ட் அனுப்பும். ஸ்பிளிட்டர் மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். வோல்ட் வந்தால் டிசியைத் தடுக்கும் ஸ்பிளிட்டர்தான் வாங்க வேண்டும்.

ஆன்டெனா கழறாத மலிவு ரிசீவராக இருந்தால் பெட்டியின் அந்தப் பக்கம் வெறும் மரமாகவோ திறந்தோ இருக்கட்டும். வேறு வழியில்லை.

பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தும் சப்பர பவனியில் மட்டும் விட்டுப்போகிறதா? பெட்டியை டெம்போவில் எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். டெம்போவின் தகர மேடையில் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் தரையோடு வைத்தால், முன்னால் நடக்கும் பாடகருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே தகரமும் ஜனக்கூட்டமும்தான் நிற்கும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது அலையை விழுங்கும். ஒரு மீட்டர் பிவிசி பைப்பில் இரண்டு ஆன்டெனாவையும் மாட்டித் தலைகளுக்கு மேலே உயர்த்தினால் தீர்ந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு பவனிக்கு முந்தின நாள் மாலையில் வந்த போன்:

“அண்ணே, ரெண்டாவது மைக் பத்தடி தாண்டினா போயிருது. ரிசீவர் போச்சுன்னு நினைக்கேன்.”

“மக்கா, ரிசீவர் எங்க இருக்கு?”

“பெட்டியில தாண்ணே. ஜெனரேட்டர் பக்கத்துல.”

“பெட்டியைத் தூக்கி முன் கேபின் மேல வை. ஆன்டெனா வெளிய நிக்கட்டு. அப்புறம் சொல்லு.”

புது ரிசீவர் வாங்க வேண்டி வரவில்லை.

மைக் எல்லாம் அணைத்திருக்கிறது, ஆனால் ஆர்எஃப் விளக்கு எரிகிறது

இந்தச் சோதனையைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லா மைக்கையும் அணையுங்கள். பேட்டரியையும் கழற்றி வையுங்கள். இப்போது ரிசீவரில் ஆர்எஃப் கோடு ஒன்றுகூட எரியக்கூடாது. எரிந்தால் அது யாரோ எழுப்பும் இரைச்சல். அந்த ‘யாரோ’ பெட்டிக்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மின் இணைப்பை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். விளக்கு அணைந்தால் குற்றவாளி பவர் சப்ளை. அணையவில்லை என்றால் ஒவ்வொன்றாகத் துண்டியுங்கள்: மூடிக்குள் ஒட்டிய எல்இடி ஸ்டிரிப், போன் சார்ஜ் செய்ய வைத்த யுஎஸ்பி சாக்கெட், வோல்ட் காட்டும் டிஜிட்டல் மீட்டர், பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவே வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர். ஒவ்வொன்றையும் எடுத்ததும் மீட்டரைப் பாருங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டு ‘சரியாயிற்று’ என்றால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

என் அனுபவத்தில் முதலில் மாட்டிக்கொள்வது எல்இடி ஸ்டிரிப்தான். இருட்டில் பட்டனைத் தேட விளக்கு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அதன் ஒளியைக் குறைக்க வைக்கும் டிம்மர் அந்த ஸ்டிரிப்பை வினாடிக்கு நூற்றுக்கணக்கில் அணைத்து எரிய வைக்கிறது. அத்தனை அடி ஒயரும் இரைச்சலைப் பரப்பும் ஆன்டெனாவாக மாறும். டிம்மரை எடுத்துவிட்டு, ரெசிஸ்டர் போட்டு ஒரே ஒளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக் கன்வெர்ட்டர் இரண்டாவது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் எல்எம் 2596 போர்டு 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது. அதன் எச்சங்கள் மேலே வெகுதூரம் ஏறும். இதற்கு மூன்று வேலை செய்யுங்கள். ஆன்டெனா கேபிளிலிருந்து அதைப் பெட்டியின் எதிர்மூலைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே வரும் ஒயர் ஜோடியையும் வெளியே போகும் ஜோடியையும் முறுக்கி விடுங்கள். வெளியே போகும் பக்கம் 100 மைக்ரோஹென்றி சோக்கும் அதற்குப் பின் 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டரும் போடுங்கள். இவ்வளவு செய்தும் போகவில்லை என்றால் போர்டைச் சின்னத் தகர டப்பாவுக்குள் வைத்து டப்பாவை நெகட்டிவோடு இணையுங்கள்.

நாலு அடாப்டரையும் அப்படியே பெட்டிக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகி வைப்பதும் சரியில்லை. நாலு ஸ்விட்ச்சிங் அடாப்டர், நாலும் ஆன்டெனாவுக்கு அருகில். அதற்குப் பதில் நல்ல 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை ஒன்று, ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி 1 ஆம்பியர் ஃபியூஸ். அதற்கு முன் ஒவ்வொரு ரிசீவரின் முதுகிலும் அச்சடித்த குறியைப் படியுங்கள். ஜாக்கின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்று படம் போட்டிருக்கும். எல்லாக் கம்பெனியும் ஒன்றுபோல் வைப்பதில்லை. 12 வோல்ட் என்று போட்டு அலைக்கோடு இருந்தால் அது ஏசி கேட்கும் பழைய ரிசீவர், அதை டிசி சப்ளையோடு சேர்க்காதீர்கள்.

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை, பேட்டரியிலும் விளக்கு எரிகிறது என்றால் வெளியே பாருங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி ஸ்கிரீன் வைத்திருந்தால் பெட்டியை அதன் முதுகுப்பக்கம் வைக்கவே கூடாது. ஸ்கிரீனைப் போட்டும் அணைத்தும் ஆர்எஃப் மீட்டரைப் பார்த்தால் உண்மை தெரியும். இன்னொரு காரணம் அலைவரிசையே. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2022 ஏலத்தில் ஜியோ நாடு முழுவதுக்கும் எடுத்தது. 703 முதல் 748 வரை, 758 முதல் 803 வரை செல்போன் சேவைக்கான பகுதி. 740, 780 என்று ஓடும் பழைய செட்டுகள் அதற்கு முன் ஒழுங்காக ஓடியிருக்கலாம். இப்போது கூட்டத்தில் செல்போன் கூடக் கூடத் தொல்லை கூடும். இதைப் பெட்டியை மாற்றித் தீர்க்க முடியாது. புதிதாக வாங்குபவர்கள் 700-க்குக் கீழே ஓடும் செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தனித்தனியாகச் சரி, நாலு மைக்கும் போட்டால் ஒன்றில் இன்னொன்று கேட்கிறது

இதில் பெட்டியின் பங்கு பாதி, அலைவரிசையின் பங்கு பாதி. அலைவரிசைகளைச் சம இடைவெளியில் வைத்தால் இது நிச்சயம் வரும். 600, 601, 602 என்று வைத்தீர்கள் என்றால், முதல் இரண்டு மைக்கும் சேர்ந்து 601-இன் இரு மடங்கில் 600 போக 602-ல் ஒரு பொய்ச் சிக்னலை உண்டாக்கும். அது மூன்றாவது மைக்கின் இடம். 600, 601, 603.5, 608 என்று சமமில்லாமல் வைத்துப் பாருங்கள். இந்த நாலில் எந்த இரண்டு அல்லது மூன்று சேர்ந்தாலும் இந்த வகைப் பொய்ச் சிக்னல் மற்றவற்றிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸாவது தள்ளித்தான் விழும். உங்கள் செட்டில் வேறு எண்கள் இருந்தாலும் இதே இடைவெளிகளைக் கொண்டுபோகலாம்.

மைக்குகளை அணைக்காமல் பெட்டியின் மேலேயே வைத்துவிடுவது இதைப் பெரிதாக்கும். மைக் வைக்கும் அறையைப் பெட்டியிலேயே செய்யச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை. மைக்குக்குத் தனிப் பெட்டி. ரிசீவருக்கும் ஓடும் மைக்குக்கும் மூன்று மீட்டராவது இருக்கட்டும்.

‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல்

பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் அது 50 ஹெர்ட்ஸ் கிரவுண்ட் லூப். பெட்டி ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்து, ஆடியோ ஒயரின் ஷீல்டும் சேர்ந்து ஒரு வட்டம் போடுகிறது. இரண்டையும் ஒரே பிளக் போர்டில் சொருகிப் பாருங்கள். ரிசீவரில் எக்ஸ்எல்ஆர் வெளியீடு (மூன்று பின் உள்ள மைக் சாக்கெட்) இருந்தால் அதையே எடுங்கள்: ஒன்றாம் பின் ஷீல்டு, இரண்டு ஹாட் (சிக்னல்), மூன்று கோல்ட் (அதே சிக்னல் தலைகீழாக). பெட்டி முகப்பில் சாக்கெட் போட 24 மி.மீ. ஓட்டை வேண்டும், ஆசாரியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ரிசீவரில் சாதாரண ஜாக் மட்டும்தான் என்றால் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் போடலாம். அதைப் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே உறுமலைப் பிடித்துக்கொள்ளும், தள்ளி வையுங்கள்.

பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்தால் உறுமல் நிற்கும் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரத் தரை, வெறுங்கால், கையில் இரும்பு மைக் ஸ்டாண்ட், பந்தலில் ஜெனரேட்டர். கசிவு வந்தால் எர்த் ஒன்றுதான் அந்த ஆளைக் காப்பாற்றும். உறுமலை ஆயிரம் வழியில் தீர்க்கலாம்.

பெட்டியை ஆட்டினால் ரிசீவர் அணைந்து எரிகிறது

பவர் ஜாக். 5.5 க்கு 2.1 மி.மீ. என்றும் 5.5 க்கு 2.5 மி.மீ. என்றும் இரண்டு அளவு இருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றே போல் இருக்கும். 2.1 பின்னில் 2.5 ஜாக்கைச் சொருகினால் ஏறிக்கொள்ளும், ஆனால் உள்ளே தளர்வாக ஆடும். மேசையில் ஓடும், டெம்போ ஒரு குழியில் இறங்கினால் அணையும். சரியான ஜாக்கைப் போட்டு, ஒயரைப் பெட்டிச் சுவரில் டை போட்டுக் கட்டிவிடுங்கள். ரிசீவருக்குப் பின்பக்கம் தாங்க ஒரு பலகையும் வேண்டும். முன்னால் ரேக் காதில் மட்டும் தொங்கினால் பேச்சிப்பாறைச் சாலையில் ஒரு முறை போய்வந்தாலே காது வளைந்துவிடும். திருகி மாட்டும் எஸ்எம்ஏ ஆன்டெனா இருந்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் கையால் இறுக்கிப் பாருங்கள். பிஎன்சிக்கு அந்தத் தொல்லை இல்லை.

நள்ளிரவுக்கு மேல் கரகரப்பு

கொடை விழாவில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். ஆரம்பத்தில் கணீரென்று இருந்த குரல் இரண்டு மணிக்கு மேல் கரகரக்கிறது என்றால் மைக்கின் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு நிற்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியின் வோல்ட்டையும் பாருங்கள்.

கணக்கு இதுதான். ஒரு ரிசீவர் 300 மில்லிஆம்பியர் எடுத்தால் நாலுக்கு 1.2 ஆம்பியர். யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் லெட் பேட்டரியில் எழுதியுள்ள 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. நம் வேகத்தில் எடுத்தால் அவ்வளவு தராது. புதுசாக இருந்தால் நாலு மணி நேரம் சொச்சம், அதையும் அடிமட்டம் வரை வற்றவிட்டால் சில மாதத்தில் செத்துவிடும். வோல்ட் 11-க்குக் கீழே இறங்கினால் ரிசீவருக்குள் இருக்கும் ரெகுலேட்டருக்குப் போதாமல் முதலில் கரகரப்பு, அப்புறம் மௌனம்.

விடிய விடிய ஓட வேண்டும் என்றால் 12.8 வோல்ட் 12 ஏஎச் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி, அதைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டோடு சேர்த்து. ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும், எடையும் குறைவு. ஒரு கவனம்: நிறைய சார்ஜ் ஏறும்போது அது 14.6 வோல்ட் வரை போகும். ரிசீவரில் 12 முதல் 18 வரை என்று போட்டிருந்தால் நேராகக் கொடுக்கலாம். வெறும் 12 என்று இருந்தால் நடுவே ரெகுலேட்டர் வேண்டும். மெயின் ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து அரை அடிக்குள் வையுங்கள், பெட்டியின் மறுமூலையில் வைத்தால் நடுவில் உரசும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.

சத்தம் உடைந்து கேட்கிறது

ரிசீவர் பலமான லைன் அளவில் சிக்னல் கொடுக்கிறது, மிக்சர் அதைவிட மிகச் சின்ன மைக் அளவில் எதிர்பார்க்கிறது. ரிசீவரின் வெளியீட்டைக் குறையுங்கள் அல்லது லைன் சாக்கெட்டில் மாட்டுங்கள். வேறொன்றும் இல்லை.

பெட்டி தொட்டால் சுடுகிறது

நாலு ரிசீவரும் சேர்ந்து 14, 15 வாட். கேட்கக் குறைவுதான், மூடிய மரப்பெட்டிக்குள் அது போவதற்கு வழியில்லை. கீழே சில ஓட்டை, மேலே எதிர்ப்பக்கம் சில ஓட்டை. உட்புறம் நைலான் கொசுவலையை ஒட்டுங்கள், பல்லியும் எறும்பும் குடியேறாது. பவர் சப்ளையையும் பேட்டரியையும் தனி அறையில் வையுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜில் போடக்கூடாது. கறுப்பு லேமினேட் பார்க்க அழகுதான், கன்னியாகுமரி வெயிலில் நிற்கிற பெட்டிக்கு வெளிர் சாம்பல் நிறம் போடுங்கள்.

சாக்கெட்டில் பச்சை, திருகில் துரு, அலுமினியத்தில் வெள்ளைத் தூள்

மற்ற மாவட்டத்துக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது பெரிதாக வராது. நமக்கு மூன்று பக்கமும் கடல் காற்று. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உள்ள ஆலயங்களில் திருவிழாவுக்குப் போய்வந்த பெட்டியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

பிஎன்சியிலும் ஜாக்கிலும் பச்சை தெரிந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பட்ஸில் நனைத்துத் துடையுங்கள். போகாவிட்டால் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள், மலிவான பொருள்தான். ஆனால் பச்சை ஏன் வந்தது என்று பார்க்காமல் மாற்றினால் மறுபடியும் வரும். இங்கே இரண்டு காரணங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், இரண்டுமே பெட்டி கட்டும்போது உள்ளே நுழைந்தவை.

முதலாவது சிலிகான். மழை உள்ளே போகாமல் சந்துகளை அடைக்கக் கடையில் வாங்கும் சாதாரண சிலிகான் காயும்போது புளித்த வினிகர் வாடை வரும். அது அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பையும் ஈயப்பற்றையும் தின்னும். ‘நியூட்ரல் கியூர்’ என்று குழாயில் போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எதைப் போட்டாலும் மூடியைத் திறந்து வைத்து நன்றாகக் காய்ந்த பிறகே ரிசீவரை ஏற்றுங்கள்.

இரண்டாவது ரப்பர். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பருக்குப் பஞ்சமில்லை, அதனால் அதிர்வு தாங்க ரப்பர் ஷீட்டை வெட்டி உள்ளே ஒட்டுகிறோம். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரிலிருந்து மெதுவாகக் கந்தகம் வெளியேறும். மூடிய இடத்தில் வெள்ளி பூசிய பின்களும் செம்பும் கறுத்துப்போகும். ரப்பர் அடிக்கால்களுக்குப் பெட்டியின் வெளிப்புறத்தில் நல்லது. உள்ளே ஈவிஏ ஃபோம் போடுங்கள், செருப்பு அடிப்பாகத்துக்கு வருகிற அதே சரக்கு. சோபாவுக்கு வைக்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நாளாக ஆகப் பொடியாக உதிர்ந்து சாக்கெட்டுக்குள் போகும்.

திருகுகளுக்கு 304 ஸ்டெயின்லெஸ் பரவாயில்லை, கடற்கரை ஊரிலேயே கிடக்கும் பெட்டி என்றால் 316. ஸ்டெயின்லெஸ் திருகை அலுமினிய ஆங்கிளில் நேராக இறக்கினால், உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அந்த வெள்ளைத் தூள் அதுதான். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள், திருகில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். பிளைவுட்டில் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு யு பெட்டிக்கு 9 மி.மீ. போதும். எந்தப் பிளைவுட்டுக்கும் வெட்டிய ஓரம்தான் வாய். அங்கே இரண்டு கோட் எபாக்சி பெயின்ட் அடித்தால்தான் முத்திரைக்கு மதிப்பு.

வென்ட் ஓட்டை வைக்காமல் ரப்பர் பீடிங் போட்டு இறுக்க மூடும் பெட்டி செய்கிறீர்களா? அப்படியானால் உள்ளே சிலிகா ஜெல் கட்டாயம். ஈரக்காற்றோடு மூடிவிட்டால் இரவில் குளிரும்போது அந்த ஈரம் உள்ளேயே வியர்த்து ரிசீவர் மேல் உட்காரும். நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள் அல்லது 120 டிகிரியில் சூடாக்கி மறுபடி போடுங்கள். பாதி அடைத்து பாதி திறந்த பெட்டிதான் மிகக் கெட்டது: ஈரம் உள்ளே வரும், வெளியே போகாது. ஏசி மண்டபத்திலிருந்து பெட்டியை நேராக வெளியே எடுத்துத் திறந்தாலும் இதே வியர்வை வரும். மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திறங்கள்.

பெட்டி வந்துவிட்டது, ரேக் ஓட்டை பொருந்தவில்லை

ஆசாரிக்கு ‘19 இஞ்ச்’ என்று மட்டும் சொன்னால் இது நடக்கும். முகப்புத் தகட்டின் அகலம் 482.6 மி.மீ. இரண்டு பக்க ஓட்டை மையங்களுக்கு நடுவே 465.1 மி.மீ. கருவி உள்ளே நுழையும் வாய் 450-க்குக் குறையக்கூடாது. ஒரு யு உயரம் 44.45 மி.மீ. இந்த நாலு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள். அகலம் சரியாக இருந்தும் ஓட்டை ஒன்று விட்டு ஒன்று தவறுகிறதா? ஆங்கிளில் ஓட்டைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது: 15.875, 15.875, அப்புறம் 12.7, மறுபடியும் அதே வரிசை. கிட்ட இருக்கும் அந்த 12.7 ஜோடியின் நடுவில்தான் ஒரு யு முடிந்து அடுத்தது தொடங்கும். ஆங்கிளை வெட்டும்போது அங்கேதான் வெட்ட வேண்டும். வேறிடத்தில் வெட்டியிருந்தால் ஆங்கிளை மட்டும் கழற்றிச் சரியான இடத்திலிருந்து மறுபடி வெட்டி மாட்டினால் போதும், பெட்டியை மாற்ற வேண்டாம்.

மூடியைக் கீலில் தொங்கவிடாமல் முழுசாகக் கழறுவது போலச் செய்யச் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் நிமிர்த்தி வைத்த மூடி அறைந்து ஆன்டெனா சாக்கெட்டோடு முறிந்து வருவதை நிறையப் பார்த்தாயிற்று.

பெட்டி நனைந்துவிட்டது

பவனி நடுவில் மழை வந்தால் நடப்பதுதான். போட்டுப் பார்த்து ‘ஓடுகிறதா’ என்று சோதிக்காதீர்கள். முதலில் மெயின் பிளக்கை எடுங்கள், அடுத்து பேட்டரி ஃபியூஸை உருவுங்கள். ரிசீவர்களை வெளியே எடுத்து, ஜாக் எல்லாம் கழற்றி, சாக்கெட் பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் என்றால் துடைத்து மின்விசிறிக் காற்றில் நிழலில் இரண்டு நாள். கடல் தண்ணீர் தெறித்திருந்தால் வெறுமனே காயவைப்பது ஆபத்து, தண்ணீர் போய் உப்பு உள்ளே தங்கிவிடும். நனைந்த சாக்கெட்டையும் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவித் துடைத்துவிட்டுக் காயவையுங்கள். போர்டைத் திறந்து பழக்கமில்லை என்றால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் மேசையில் சொந்த அடாப்டரில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியின் சப்ளையை மல்டிமீட்டரில் 12 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பின், ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றுங்கள்.